ஆகாய கங்கைக்கு ஒரு பிவிசி ஹூடு: சாரல்ல ஸ்லோ ஷட்டர் எடுக்க செஞ்ச வேலை

அருவிய பால் மாதிரி எடுக்கிறது எப்படின்னு யாரைக் கேட்டாலும் முதல்ல சொல்றது என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள்ள போற வெளிச்சத்தை குறைக்கிற கருப்பு கண்ணாடி) வாங்குன்னு தான். ரோட்டோரமா பாலத்துல நின்னு தூரத்துல இருக்கற அருவிய எடுக்கறவங்களுக்கு அது சரி. ஆனா கொல்லிமலை ஆகாய கங்கை மாதிரி ஒரு இடத்துல கீழ பாறைக்கு பக்கத்துல இறங்கி நின்னா வெளிச்சம் ஒரு பிரச்சனையே இல்ல, சாரல் தான் பிரச்சனை. லென்ஸ் துடைச்சு கைய எடுக்கறதுக்குள்ள மறுபடி பத்து துளி உக்காந்திருக்கும். அந்த துளி ஒவ்வொண்ணும் போட்டோல ஒரு வெள்ளை வட்டமா வந்து நிக்கும். அதனால இந்த தடவை ஃபில்டருக்கு காசு போடாம சாரலை நிறுத்தறதுக்கு லென்ஸ் முன்னாடி மாட்டற ஒரு ஹூடு (மறைப்புக் குழாய்) செஞ்சு எடுத்துட்டு போனேன், அது எப்படி செஞ்சேன், அங்க எப்படி வேலை செஞ்சது, அப்புறம் வீட்ல வந்து படத்தை எப்படி சேர்த்தேன்னு எல்லாத்தையும் எழுதி வைக்கறேன்.

இடம் தெரியாதவங்களுக்கு: நாமக்கல் மாவட்டம், காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேடு தாண்டி அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போனா அங்க பக்கத்துல இருந்து படி இறங்குது. ஆயிரத்துக்கும் மேல படி. சில இடத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. ஐயாறு 300 அடி மேல இருந்து விழுது, சுத்தி மூணு பக்கமும் செங்குத்தா மலை. இறங்கும்போது ஒண்ணும் தெரியாது, ஏறும்போது தான் பையில என்னென்ன தேவையில்லாம வச்சிருக்கோம்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வரும். அதனால எடை தான் முதல் கணக்கு. ஒரு கேமரா பாடி, அதோட வந்த கிட் லென்ஸ், ஒரு போலரைசர் (பளபளப்ப குறைக்கிற, திருப்பற ஃபில்டர்), சின்ன டிரைபாட், குடை, துணி, அவ்வளவு தான். ரெண்டாவது லென்ஸ் எடுத்துட்டு போறதுல அர்த்தமே இல்ல, அந்த சாரல்ல லென்ஸ் மாத்தவும் முடியாது.

இப்ப ஹூடு விஷயத்துக்கு வரேன். கடையில கிடைக்கிற டுலிப் ஹூடு வெயிலுக்கு செஞ்சது, ஆழம் பத்தாது, சாரல் நேரா உள்ள வந்துரும். எனக்கு வேண்டியது ஆழமான ஒரு குழாய். ஆழத்தை ஜூமுக்கு ஏத்த மாதிரி மாத்தவும் முடியணும். குழாய்னதும் பிளம்பிங் தான் ஞாபகம் வந்துச்சு. 75 எம்எம் எஸ்டபிள்யூஆர் (கழிவுத் தண்ணி போற பிவிசி) பைப்போட உள்விட்டம் 70 எம்எம் சொச்சம் வரும், என் லென்ஸ் ஃபில்டர் திரெட் 58. நல்லா இடம் இருக்கு.

ஹார்டுவேர் கடையில போய், "அண்ணா, 75 எண்ட் கேப் ஒண்ணு, 75 பைப் துண்டு ஒரு அடி இருந்தா குடுங்க"ன்னேன்.

"பாத்ரூம் லைன் அடைக்கறதுங்களா தம்பி? அப்ப கேப்போட சொல்யூஷனும் வாங்கிக்கோங்க, இல்லாட்டி ஒழுகும்."

"இல்லைங்கண்ணா, கேமராவுக்கு."

அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கல. துண்டு பைப்புக்கு காசும் வாங்கல.

எண்ட் கேப் தான் இதுல முக்கியமான ஐட்டம். கேப்போட அடி தட்டையா இருக்கும், அதுல நடுவுல ஓட்டை போட்டா லென்ஸ் பக்கம், திறந்த வாய் அருவி பக்கம். அந்த வாய்க்குள்ள பைப் துண்டு சும்மா தள்ளினா இறுக்கமா உக்காந்துக்கும், சொல்யூஷன் போட வேண்டாம், இழுத்தா வந்துரும். ஆக ஒரே கேப், வேற வேற நீளத்துல பைப் துண்டு. ஓட்டை போடறதுக்கு கதவுக்கு உருண்டை லாக் மாட்ட கார்பெண்டர் வச்சிருப்பாங்களே 54 எம்எம் ஹோல் சா, அது சரியான அளவு. தெரு முனையில இருக்கற கார்பெண்டர் அண்ணன்கிட்ட குடுத்தேன், கேப்புக்கு அடியில ஒரு பலகைய வச்சு மெதுவா விட்டாரு. வேகமா விட்டா பிவிசி சூடாகி உருகி ஓரம் பிசிறு பிசிறா ஆயிடும். கொஞ்சம் பிசிறு இருந்தத அரத்தால தேச்சு, மேல உப்புத்தாள் போட்டு சரி பண்ணிட்டேன்.

அடுத்தது லென்ஸோட கோக்கற வளையம். உடைஞ்ச யூவி ஃபில்டர் ஒண்ணு வீட்ல கிடந்துச்சு, 58 எம்எம். அதுல கண்ணாடிய எடுத்துட்டா மிச்சம் ஒரு அலுமினிய வளையம், ஒரு பக்கம் வெளி மரை, இன்னொரு பக்கம் உள் மரை. வெளி மரை லென்ஸ் பக்கம் பாக்கற மாதிரி வச்சு வளையத்தோட முன் முகத்தை கேப்போட அடிப்பக்கத்துல ஒட்டணும். இங்க ஒட்டறதுக்கு கிடைக்கிற இடம் ரெண்டு எம்எம் அகலம் தான், வெறும் அரால்டைட் போட்டு விட்டா ஒரு தட்டு தட்டினா பேந்துரும். அதனால ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கி, அரால்டைட் வச்சு ராத்திரி முழுக்க விட்டு, காலைல வளையத்த சுத்தி வெளிப்பக்கம் எம்-சீல் பிசைஞ்சு விரல்ல தண்ணி தொட்டு வழிச்சு ஒரு கரை மாதிரி கட்டினேன். மரைக்குள்ள எம்-சீல் போகாம இருக்க மரை மேல செல்லோ டேப் ஒரு சுத்து. காய்ஞ்சதும் உரிச்சா சுத்தமா இருக்கு. உள்ள எல்லாம் பிளாக்போர்டு பெயிண்ட் ரெண்டு கோட், சாதா கருப்பு பெயிண்ட் பளபளன்னு வெளிச்சத்தை திருப்பி அடிக்கும், அது வேண்டாம்.

நீளத்துக்கு முதல்ல பைப்ப வெட்டாதீங்க. கருப்பு சார்ட் பேப்பர சுருட்டி கேப்புக்குள்ள சொருகி, வெள்ளை செவுத்த எஃப் 22ல எடுத்து மூலைய பாருங்க. எஃப் 22 ஏன்னா அபர்ச்சர் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துவாரம்) சின்னதா இருந்தா தான் மூலையில ஹூடு மறைக்கறது வெட்டினாப்புல தெரியும், அகலமா திறந்தா மங்கலா இருந்து ஏமாத்திடும். பேப்பர கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டே வந்தா எந்த ஜூமுக்கு எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுடும். எனக்கு கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்), 55 எம்எம்ல 7 செ.மீ. வரைக்கும் மூலை சுத்தமா இருந்துச்சு, 35ல மூணரை. ரெண்டு துண்டு ஹாக்சா பிளேடால வெட்டி வச்சாச்சு. 18ல இந்த ஹூடே மாட்ட முடியாது, கேப்பே மூலைய கடிக்கும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. போலரைசர லென்ஸ்ல முதல்ல மாட்டி, அதோட முன் மரையில இந்த ஹூட மாட்டினா, போலரைசர திருப்ப உள்ள விரல விட வேண்டியதில்ல, ஹூடையே திருப்பினா போதும். ஸ்லிம் போலரைசர் சிலதுல முன் மரை இருக்காது, பாத்து வாங்குங்க. ஆனா ஹூடு திரும்பறதால ஒரு சிக்கலும் வரும்: உள்ள சேர்ற தண்ணி வெளிய போக அடியில ஒரு வழி வேணும், அடி எதுன்னு திருப்பறப்ப மாறிட்டே இருக்குமே. அதுக்கு கேப்போட அடி ஓரத்துல மூணு பக்கம் அரத்தால சின்ன சின்ன காடி போட்டேன், பைப் துண்டோட உள் முனையிலயும் அதே இடத்துல. எப்படி திருப்பினாலும் ஏதாவது ஒண்ணு கீழ்ப்பக்கமா வந்துரும். வீட்ல தோட்டத்துக்கு விடற ஹோஸ்ல விரல வச்சு அழுத்தி பீய்ச்சி சோதனை பண்ணேன், கேமரா இல்லாம வெறும் ஹூடு, பின்னாடி ஒரு டிஷ்யூ பேப்பர் ஒட்டி. நேரா அடிச்சா நனையுது, கொஞ்சம் சாய்வா அடிச்சா டிஷ்யூ காஞ்சே இருக்கு. அது போதும். மொத்த எடை பாத்தா கைல ஒண்ணும் தெரியல, ஆனா கிட் லென்ஸோட ஃபோகஸ் மோட்டார் இதை தூக்கிட்டு திரும்ப கஷ்டப்படும், அதனால ஃபோகஸ் ஆனதும் மேனுவலுக்கு மாத்திடணும். எப்படியும் ஸ்லோ ஷட்டருக்கு மேனுவல் தான்.

அங்க போன கதை. அக்கா பையன கூட்டிட்டு போனேன், குடை பிடிக்க ஆள் வேணுமே. கேட் திறந்ததும் இறங்கிடணும், பத்து மணிக்கு மேல குளிக்க கூட்டம் வந்துரும், ஆடிப்பெருக்கு சமயத்துல வல்வில் ஓரி விழா கூட்டமும் சேர்ந்துக்கும், அப்ப போட்டோ பத்தி யோசிக்கவே வேண்டாம். மழை ரொம்ப பேஞ்சு தண்ணி அதிகமா வந்தா வனத்துறை வழிய அடைச்சிடுவாங்க, அடைச்சிருந்தா திரும்பி வந்துடுங்க, அந்த பாறையில பாசி புடிச்சு வழுக்கும், மேல இருந்து கல்லும் வரும்.

கார்ல ஏசி போட்டுட்டு போனா கேமரா பைய வெளிய எடுத்ததும் லென்ஸ்ல ஆவி புடிச்சுக்கும், மலை ஏறும்போதே ஏசிய நிறுத்திட்டு கண்ணாடிய இறக்கிடுங்க.

மலை இடுக்குல வெயில் இறங்கறதுக்கு முன்னாடி வெளிச்சம் எவ்வளவுன்னா, ஐஎஸ்ஓ 100, எஃப் 11ல 15ல ஒரு பங்கு நொடி வருது. போலரைசர் போட்டா ஒன்றரை ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது), ஆறுல ஒரு பங்கு நொடி. இது போதுமான்னு கேப்பீங்க. 300 அடி உயரத்துல இருந்து விழற தண்ணி பாதியிலயே உடைஞ்சு துளியாயிடும், துளியானதும் காத்து புடிச்சுக்கும். மழைத்துளில பெருசு கூட நொடிக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் எடுக்காது. அந்த கணக்குல ஆறுல ஒரு பங்கு நொடியில துளி ஒன்றரை மீட்டர் இறங்கும். முழு அருவியும் படத்துல 4000 பிக்சல் உயரம் வந்தா ஒன்றரை மீட்டர் 65 பிக்சல் சொச்சம். கோடு கோடா அழகா இழுக்கும், தண்ணியோட திரி பிரியறதும் தெரியும். இதையே 10 ஸ்டாப் என்டி போட்டு ஒரு நிமிஷம் எடுத்தா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே வெள்ளை, அருவியா பனியான்னு தெரியாது. எனக்கு அது பிடிக்கறதில்ல. ஆனா கீழ பாறைக்கு நடுவுல ஓடுற தண்ணி மெதுவா தான் ஓடுது, அதுக்கு ஒரு நொடி, ரெண்டு நொடி வேணும். ஒரே படத்துல ரெண்டும் எப்படி?

அதுக்கு தான் நீளமா ஒண்ணு எடுக்காம சின்னதா நிறைய எடுக்கறது. ஆறுல ஒரு பங்கு நொடியில 16 படம் எடுத்து சராசரி போட்டா ரெண்டரை நொடிக்கு மேல எடுத்த படத்துக்கு சமம். இதுல சாரலுக்கு இருக்கற லாபம் தான் பெருசு: நீளமா எடுக்கற ஒரே படத்துல நடுவுல ஒரு துளி விழுந்தா மொத்தமும் போச்சு, இதுல துளி விழுந்த படத்தை மட்டும் தூக்கி போட்டுட்டு மிச்சத்தை சேர்த்துக்கலாம். கூடவே 16 படத்தோட சராசரியில நாய்ஸ் நாலுல ஒரு பங்கா குறையும், நிழல் பகுதிய தூக்கினாலும் மண்ணு மண்ணா வராது.

வேலை முறை இப்படி போச்சு. டிரைபாட் கால ஓடுற தண்ணில வைக்கக் கூடாது, தண்ணி தள்ளி தள்ளி நடுங்கிட்டே இருக்கும், எல்லா படமும் ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் மங்கும். கல்லு இடுக்குல மூணு காலையும் சொருகி, ரொம்ப மெல்லிசா இருக்கற கடைசி கட்ட கால நீட்டாம, நடுத்தண்டு கொக்கியில மஞ்சப்பைய மாட்டி ஆத்துக்கல்ல நிரப்பினேன். பை அந்தரத்துல தொங்கினா காத்துல ஆடி டிரைபாடையும் ஆட்டும், அடி லேசா பாறைய தொடற மாதிரி வச்சா ஆட்டம் நின்னுரும். கல்லு அங்கயே கிடைக்குது, தூக்கிட்டு போக வேண்டாம், மஞ்சப்பைக்கு எடையே இல்ல. டிரைபாட் மேல வச்சதும் லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணிடணும், ரெண்டு செகண்ட் டைமர், லைவ் வியூ, ரா ஃபைல், ஒயிட் பேலன்ஸ் ஒரே இடத்துல லாக். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டற வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தை தொடக்கூடாது, தண்ணி வெறும் வெள்ளையா போயிருச்சுன்னா அந்த விவரத்த திரும்ப எடுக்க முடியாது, அதனால ஒரு ஸ்டாப் கம்மியாவே எடுத்தேன்.

அக்கா பையன் குடைய முன்னாடி புடிச்சுட்டு நிப்பான், நான் துடைப்பேன், "எடு"ன்னதும் குடைய ஓரமா சாய்ப்பான், தொடர்ந்து அஞ்சாறு படம், மறுபடி குடை. சாரல்ல அவன் முழுசா நனைஞ்சுட்டான்.

"மாமா, இன்னும் எத்தனை? என் பல்லெல்லாம் தந்தி அடிக்குது."

"இதோ முடிஞ்சிருச்சு டா, இன்னொரு ரவுண்டு."

"இதையே தான் மாமா அப்போ இருந்து சொல்றீங்க."

ஹூடு என்ன பண்ணுச்சுன்னா, அது இல்லாம நின்னப்ப முதல் படத்துலயே துளி இருந்துச்சு, அது மாட்டினப்புறம் காத்து அமைதியா இருந்த நேரத்துல ஒரு ரவுண்டு முழுக்க சுத்தமா வந்துச்சு. ஆனா அந்த மாதிரி உயரமான அருவி அடியில அப்பப்ப ஒரு காத்து கிளம்பும், விழற தண்ணியே தள்ளி விடற காத்து, அது நேரா நம்ம மூஞ்சிக்கு வரும். அப்ப எந்த ஹூடும் நிக்காது. அந்த காத்து வர்றதுக்கு முன்னாடி குளத்து மேல சாரல் புகை மாதிரி நம்ம பக்கம் சாயும், அதை பாத்து குடைய போட சொல்லிடலாம். பழகிட்டான் பையன், நான் சொல்றதுக்கு முன்னாடியே போட ஆரம்பிச்சுட்டான்.

7 செ.மீ. குழாய்க்குள்ள எப்படி துடைக்கிறது? பைப்ப இழுத்து கழட்டலாம் தான், ஆனா கேமரா அசைஞ்சுடும், அப்புறம் படங்கள் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. ஐஸ்கிரீம் குச்சி முனையில பழைய வேட்டித் துணிய சுத்தி நூல் கட்டி வச்சிருந்தேன், அத உள்ள விட்டு ஒத்தி எடுத்தா போதும். மைக்ரோஃபைபர் துணி காஞ்ச தூசிக்கு நல்லது, ஈரமானா தண்ணிய உறிஞ்சாம இழுத்து பூசிடுது. பல வருஷம் துவைச்சு மெத்துனு ஆன பருத்தி வேட்டி அளவுக்கு உறிஞ்சற துணி நான் பாக்கல. குச்சி நாலஞ்சு செஞ்சு காஞ்ச டப்பாவுல போட்டுக்கோங்க, ஒண்ணு நனைஞ்சா அடுத்தது.

ஒண்ணு கவனிங்க: துடைக்காம தொடர்ந்து எடுத்துட்டே போனா ஒரே துளி ஒரே இடத்துல எல்லா படத்துலயும் இருக்கும், அப்புறம் எந்த சாஃப்ட்வேராலயும் எடுக்க முடியாது. நடுநடுவுல துடைச்சா புது துளி வேற இடத்துல உக்காரும், அப்ப மீடியன் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லா படத்துலயும் நடுவுல வர்ற மதிப்பை எடுக்கறது) போட்டா தானா மறைஞ்சுடும்.

இன்னொண்ணு, வெயில் இடுக்குக்குள்ள இறங்கினதும் சாரல்ல வானவில் வரும். வானவில்லோட ஒளி பெரும்பாலும் போலரைஸ் ஆனது, ஹூட ஒரு பக்கம் திருப்பினா வானவில் பளிச்சுனு ஏறும், இன்னொரு பக்கம் திருப்பினா காணாமலே போயிடும். பாறையோட பளபளப்ப குறைக்கணும்னு திருப்பி வானவில்ல தொலைச்சுடாதீங்க.

இலைக்கு தனியா ஒரு படம் எடுத்து வச்சேன், ஐஎஸ்ஓ 800க்கு ஏத்தி ஷட்டர வேகமா வச்சு. காத்துல இலை ஆடிட்டே தான் இருக்கும், சராசரி போட்டா பச்சையா ஒரு தீற்றல் தான் வரும்.

வீட்ல சேர்க்கற வேலை. ரா ஃபைல் எல்லாத்துக்கும் ஒரே செட்டிங் போட்டு 16 பிட் டிஃப்பா எடுத்துட்டு, ஹகின்ங்கற படம் ஒட்டற சாஃப்ட்வேர் கூட வர்ற அலைன் பண்ற டூல்ல விட்டு நேர் பண்ணேன், துடைக்கும்போது கொஞ்சம் அசைஞ்சிருக்கும். அப்புறம் கிம்ப், இலவச போட்டோ எடிட்டர். போட்டோஷாப் வச்சிருக்கறவங்களுக்கு ஸ்டாக் மோட்ல மீன் (mean, அதாவது சராசரி), மீடியன் ரெண்டுமே ஒரு கிளிக். கிம்ப்ல சராசரிக்கு லேயர் ஒபாசிட்டி தான் வழி: அடியில இருக்கறது 100 சதவீதம், அதுக்கு மேல 50, அடுத்தது 33, அடுத்தது 25, அப்படியே ஒண்ணுல இத்தனாவது பங்குன்னு போய்ட்டே இருக்கும், 16வது லேயர் 6 சொச்சம். படத்தை 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாத்திட்டு பண்ணுங்க, 8 பிட்ல இத்தனை லேயர் போட்டா வானத்துல பட்டை பட்டையா வரும். கை வலிக்கும்னா இமேஜ்மேஜிக்ல ஒரே வரி கமாண்ட்ல மீன், மீடியன் ரெண்டும் வரும், நான் கடைசில அதுக்கு தான் போனேன்.

கடைசி படம் நாலு லேயர். பாறைக்கும் மலைக்கும் மீடியன், துளியெல்லாம் போயிருச்சு. கீழ ஓடுற தண்ணிக்கு மீன். மேல விழற அருவிக்கு சுத்தமா வந்த ஒரே ஒரு ஆறுல ஒரு பங்கு நொடி படம், திரி திரியா இருக்கட்டும்னு. இலைக்கு அந்த வேகமான படத்துல இருந்து மாஸ்க். மீன்ல ஒரு குறை உண்டு, படத்துக்கும் படத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியால தண்ணில லேசா துண்டு துண்டான கோடு தெரியும், 100 சதவீதம் ஜூம் பண்ணா தான். 24 படம் எடுத்தா அதுவும் போயிரும், ஆனா அதுக்கு பையன் நிக்கணுமே.

வெல்டிங் கண்ணாடி போட்டு எடுக்கலாமேன்னு சில பேர் சொல்வாங்க. எடுக்கலாம். ஷேடு நம்பர்ல ஒண்ண கழிச்சு ஏழால வகுத்து மூணால பெருக்கினா டென்சிட்டி (கண்ணாடியோட கருமை அளவு), அத 0.3ஆல வகுத்தா ஸ்டாப். கேஸ் கட்டிங் கண்ணாடி ஷேடு 5 கிட்டத்தட்ட 6 ஸ்டாப், ஆர்க் வெல்டிங்ல போடற ஷேடு 10 கிட்டத்தட்ட 13 ஸ்டாப். விலையும் கம்மி தான். ஆனா பச்சை கலர் அப்பிடும், ஒயிட் பேலன்ஸ்ல எவ்வளவு இழுத்தாலும் சிவப்பு சேனல்ல ஒண்ணுமே மிச்சம் இருக்காது, கருப்பு வெள்ளைக்கு வேணா வச்சுக்கலாம். தூரத்துல இருக்கற அருவிக்கு மட்டப் பகல்ல ஓகே, சாரல்ல துடைக்க இன்னொரு கண்ணாடி கூடுது, எனக்கு வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஹூட கழட்டி மரையில இருக்கற மண்ணை பழைய டூத் பிரஷ்ல தேச்சுடுங்க, மணல் ஒண்ணு மாட்டினாலும் அடுத்த தடவை போலரைசரோட சேர்ந்து இறுகிக்கும். கேமராவ சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பால ஒரு ராத்திரி மூடி வச்சேன், அரிசியில போட வேண்டாம், அரிசி மாவு உள்ள போகும்.

18 எம்எம்க்கு ஹூடு இல்லாதது தான் இப்ப மிச்சம் இருக்கற வேலை. 75ல இருந்து 110க்கு ரெட்யூசர் கிடைக்குது, அத போடலாம்னு பாத்தா கணக்குல 18க்கு 4 செ.மீ. ஆழம் தான் இடம் இருக்கு, ரெட்யூசரே அதைவிட நீளம். அதனால 110 எண்ட் கேப்லயே நேரா ஓட்டை போட்டு இன்னொரு வளையம் ஒட்டணும். யாராவது உடைஞ்ச 58 எம்எம் ஃபில்டர் வச்சிருந்தா தூக்கி போடாதீங்க, சொல்லுங்க.